வளைந்த வாயைத் தீட்டுவது எப்படி: கொடுவாள், கருக்கரிவாள், அரிவாள்மனை, இன்ன பிற

நேரான கத்தியைத் தீட்ட யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய சமையல் நடந்துவிடும். ஆனால் நம் கொங்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள், நேரான கத்தி ஒன்று இருந்தால் வளைந்தது ஆறு கிடக்கும்: கிளுவை வேலி கழிக்கும் கொடுவாள், சோளத்தட்டு அறுக்கும் கருக்கரிவாள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் தொரட்டி, சமையற்கட்டில் அரிவாள்மனை, அதன் தலையில் தேங்காய்த் துருவி, ஆத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டி. இவற்றைத் தீட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு வருகிறவர் முன்பெல்லாம் மாதம் ஒரு முறை எங்கள் தடத்தில் வருவார், இப்போது வருடத்துக்கு ஒரு முறை வந்தாலே அதிசயம்.

நான் கற்றுக்கொண்டது கெடுத்துத்தான். அப்புச்சி வைத்திருந்த கொடுவாளை ஒரு லேத் பட்டறையில் சுழலும் மின் சாணையில் கொடுத்துப் பிடித்தேன். தீப்பொறி பறந்தது, பத்து நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிட்டது, எனக்கு ஒரே பெருமை. அடுத்த நாள் வேலாங்கிளை ஒன்றை வெட்டியதும் வாய் தகரம் மாதிரி மடங்கிப் போனது. ஊர் ஆசாரியிடம் எடுத்துப் போனேன். வாயோரம் ஓடிய நீலக் கோட்டைக் காட்டி, "ஏனுங் தம்பி, இதைச் சாணை புடிச்சீங்களா, அடுப்புல சுட்டீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுற்றும், வாயோரத் தகடு மெலிசு, சூடு போக வழியில்லாமல் நொடியில் 300 டிகிரியைத் தொட்டுவிடும். எஃகு நீலமாக மாறுகிறது என்றால் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், இறங்கிவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, மறுபடி காய்ச்சித் தோய்ச்சல் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே மின் சாணை இந்தக் கட்டுரையில் வராது. கையால் செய்கிற முறை மட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். உள்பக்கம் வளைந்த வாயைத் தட்டையான கல்லின்மேல் வைத்தால் கல்லின் இரண்டு ஓரங்கள் மட்டும்தான் படும், நடுவில் ஒன்றும் நடக்காது. அதனால் இங்கே கத்தி அசையக் கூடாது, கல்தான் அசைய வேண்டும். கத்தியை எங்காவது இறுக்கிவிட்டு, சின்னதாக, உருண்டையாக உள்ள கல்லையோ அரத்தையோ வளைவோடு நடத்த வேண்டும்.

என்னென்ன வேண்டும்

பத்து அங்குல அரை வட்ட அரம் ஒன்று, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும். சின்ன முக்கோண அரம், சின்ன உருண்டை அரம். நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய, படகு மாதிரியான கைக்கல் ஒன்று. முக்கால் அங்குல பிவிசி குழாய் ஒரு சாண் நீளம், அதில் சுற்ற 220, 400, 800 நம்பர் தண்ணீர் உப்புத்தாள். ஒரு மார்க்கர் பேனா, பழைய தோல் பெல்ட், தடித்த கையுறை. சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இருந்தால் நல்லது, தாடையில் பழைய சைக்கிள் டியூப்பை வைத்துக்கொண்டால் தகடு வழுக்காது, கீறாது. இல்லையென்றால் ஒரு மரக்கட்டையும் மரவேலைக்காரர்கள் பிடிக்கிற சி வடிவக் கிளாம்ப் இரண்டும் போதும்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சாணைக்கல் என்பது குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் கலந்து வார்த்தது. ஆங்கிலத்தில் அந்தக் கனிமத்துக்கு உள்ள கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். வைரத்துக்கு அடுத்த கடினம், கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் 9. நமக்கு அது தூரத்துச் சரக்கும் இல்லை, காங்கயத்துச் சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1901இலேயே தனி நூலாக எழுதி வைத்திருக்கிறார். இன்று கடையில் கிடைக்கும் பழுப்புக் கல் அதே அலுமினியம் ஆக்சைடுதான், மண்ணில் தோண்டாமல் உலையில் செய்தது. கறுத்த கல் சிலிக்கன் கார்பைடு. எதை வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் இருந்தால் போதும்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் கழுவுங்கள். பால், கறை, துரு இருந்தால் கல்லின் கண்ணை அடைத்துவிடும். துருவுக்குப் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தாலே பாதி போய்விடும், தேய்த்த கையோடு நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும், புளியை அப்படியே விட்டால் அதுவே அரிக்கும்.

அப்புறம் வாயை வெயிலுக்கு நேரே பிடித்து நுனியிலிருந்து அடிவரை பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, கண்ணுக்கே தெரியாது. எங்கெங்கே வெள்ளைக் கோடு மினுக்குகிறதோ அங்கெல்லாம் மழுங்கியிருக்கிறது. அந்த இடங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொடுவாளில் பெரும்பாலும் நடுவயிற்றில்தான் இருக்கும், ஏனென்றால் எல்லா வெட்டும் அங்கேதான் விழுகிறது.

மூன்றாவது, சரிவு ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று பார்க்க வேண்டும். வாயை நோக்கித் தகடு இரண்டு பக்கமும் இறங்கினால் இரண்டு பக்கமும் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கி மறுபக்கம் தட்டையாக இருந்தால் சரிவுள்ள பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தில் பிசிறை (தீட்டும்போது வாயோரம் மடிந்து நிற்கிற மெல்லிய எஃகு இழை) எடுத்தால் போதும். இதைப் பார்க்காமல் தட்டைப் பக்கத்தைச் சரித்துவிட்டால் அந்தக் கத்தி அதற்கப்புறம் நேராகவே வெட்டாது. (இடக்கை ஆட்களுக்கு ஒருபக்கச் சரிவு அரிவாள் தொல்லைதான், கடையில் தொங்குவது பெரும்பாலும் வலக்கைக்கு அடித்தது. ஆசாரியிடம் சொல்லி அடித்து வாங்குவது ஒன்றே வழி.)

கோணத்துக்கு அளவுகோல் வேண்டாம், விரல் போதும். கல் தகட்டின்மேல் மூன்று விரல் அகலத்துக்குக் கிடக்கிறது என்றால் அதன் உள்பக்க ஓரம் ஒரு விரல் உயரம் தூக்கி நின்றால் கோணம் ஏறத்தாழ 20 டிகிரி. இரண்டு விரலுக்கு ஒரு விரல் தூக்கினால் 30. நாலுக்கு ஒன்று என்றால் 15. கட்டை வெட்டுகிற கொடுவாளுக்கு 25 முதல் 30 வரை, இளநீர் சீவுகிற அரிவாளுக்கு 20, அரிவாள்மனைக்கு 15 முதல் 20. கட்டை வெட்டுவதற்கு 15 டிகிரியில் தீட்டினால் அன்றைக்கு வெண்ணெயாக வெட்டும், அடுத்த நாள் வாயெல்லாம் பல் விழுந்து கிடக்கும்.

கொடுவாள்

இதில்தான் வேலை அதிகம், நிதானமாகச் சொல்கிறேன். லாரிப் பட்டையில், அதாவது லாரியின் ஸ்பிரிங் தகட்டில் அடித்த கொடுவாள்தான் நம் பக்கம் நிறைய. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரி ஊர்களாக இருக்கும்போது பட்டைக்கு என்ன பஞ்சம். நல்ல எஃகு அது, அரம் கடிக்கும், கூரும் நிற்கும். உங்கள் கொடுவாளை அரம் கடிக்கிறதா என்று வாயோரம் ஒரு முறை லேசாகத் தள்ளிப் பாருங்கள். துகள் வந்தால் அரத்தால் செய்யலாம். அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் எஃகு மிகக் கடினம், அரத்தைக் கெடுக்காமல் நேராகக் கல்லுக்குப் போய்விடுங்கள்.

கொடுவாளைக் கட்டையின்மேல் படுக்க வைத்து, வாய் கட்டையைத் தாண்டி இரண்டு விரல் வெளியே நிற்கும்படி கிளாம்ப் போடுங்கள். நீங்கள் உட்கார வேண்டியது முதுகுப் பக்கம். வாய் உங்களைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். அரம் முதுகிலிருந்து வாயை நோக்கி, உங்களைவிட்டு விலகிப் போக வேண்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வாய்க்கு எதிரே தள்ளினால் பிசிறு குறைவாக வரும் என்பது உண்மைதான், ஆனால் கை ஒரு தடவை வழுக்கினால் போகுமிடம் கூரான வாய்தான். பிசிறை எடுத்துவிடலாம், விரலைத் தைக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரிவு முழுவதும் மார்க்கரால் கறுப்படியுங்கள். அரத்தின் வளைந்த பக்கத்தை வைத்து ஒரே ஒரு தள்ளு. மை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். வாயோரத்தில் மட்டும் போயிருந்தால் அரத்தை அதிகமாகத் தூக்கியிருக்கிறீர்கள். பின்பக்கம் மட்டும் போயிருந்தால் கொஞ்சம் தூக்க வேண்டும். சரிவு முழுக்க அழிந்தால் அந்தக் கோணத்தை மணிக்கட்டில் பூட்டிக்கொள்ளுங்கள். முதல் பத்துத் தடவைக்கு மார்க்கர் இல்லாமல் செய்யாதீர்கள், அப்புறம் கை தானாகப் பழகிவிடும்.

இப்போது நுனிக் கொக்கியிலிருந்து தொடங்குங்கள், அடியிலிருந்து அல்ல. எல்லோரும் அடியிலிருந்து தொடங்கி, நுனி வளைவுக்கு வரும்போது கை சலித்து, அங்கே இரண்டு இழுப்போடு விட்டுவிடுவார்கள். பத்து வருடம் அப்படியே தீட்டினால் நடுவயிறு தேய்ந்து குழிந்துபோய், நுனி மட்டும் கிளிமூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சந்தையில் பழைய இரும்புக்குப் போடுகிற கொடுவாளில் பாதி இப்படிக் கெட்டதுதான். ஒவ்வொரு தள்ளிலும் அரம் வாயோடு குறுக்காக நகர்ந்துகொண்டே போக வேண்டும், வளைவு திரும்புகிற இடத்தில் மணிக்கட்டும் திரும்ப வேண்டும். ஒரே இடத்தில் தேய்த்தால் பள்ளம் விழும். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கி விடுங்கள், அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும், பின்னே இழுத்தால் அதன் பல்தான் தேயும்.

எத்தனை தடவை என்று கேட்டால் எண்ணிக்கை கிடையாது, பிசிறு வரும்வரை. சரிவின் மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே தடவிப் பாருங்கள் (வாயோடு நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள்), மெல்லிய கம்பி மாதிரி ஒன்று தட்டுப்படும். நுனியிலிருந்து அடிவரை விடாமல் அது தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் ஓரிடத்தில் தட்டவில்லை என்றால் அங்கே மட்டும் இன்னும் வேலை இருக்கிறது. அப்புறம் திருப்பிப் போட்டு மறுபக்கம், அதே அளவு.

கல்லில், கம்பியில் பட்டுச் சொட்டை விழுந்திருந்தால்? அரிசி மணி அளவுக்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், நாலைந்து தடவை தீட்டுவதற்குள் தானாகத் தேய்ந்து போகும். சொட்டையைத் துரத்திக்கொண்டு அந்த ஓரிடத்தை மட்டும் அராவினால் வாயின் வளைவே கெட்டுவிடும். பெரிய சொட்டை என்றால் ஆசாரிதான்.

அரம் முடிந்ததும் படகுக் கல்லைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறப் போட்டு எடுத்து, சின்னச் சின்ன வட்டமாக வளைவு முழுக்க நடத்துங்கள், முதலில் சொரசொரப்புப் பக்கம், பிறகு நைஸ் பக்கம். விரல்கள் கல்லின் விளிம்புக்கு வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொக்கிக்குள் கல் நுழையவில்லை என்றால் குழாயில் உப்புத்தாளைச் சுற்றி, அதை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகும் திசையில் மட்டும் இழுங்கள், எதிரே தள்ளினால் தாள் கிழியும். 220, 400, அவ்வளவுதான். கொடுவாளுக்கு 800 வரை போவது வீண் அலங்காரம், முதல் வேலாங்கிளையிலேயே போய்விடும்.

கடைசியாகப் பிசிறு. இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, கடைசியில் கல்லின் எடை மட்டும் படுகிற மாதிரி நாலைந்து இழுப்பு. பிறகு பெல்ட்டின் உட்பக்கத்தில், வாய் பின்னால் வரும்படி இரண்டு பக்கமும் இழுத்துவிடுங்கள். கட்டைவிரல் தடிமன் பச்சைக் கிளையை ஒரே வீச்சில், நசுங்காமல் வெட்டினால் சரி.

கருக்கரிவாள்

இதை அரத்தால் பல் பல்லாக அராவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பாவமாக இருக்கும், தேவையே இல்லாத வேலை. அரிவாளைத் திருப்பிப் பாருங்கள். ஆசாரி அடித்த கருக்கரிவாளில் ஒரு பக்கம்தான் உளியால் வெட்டிய சாய்ந்த கோடுகள் இருக்கும், மறுபக்கம் வழவழப்பாக இருக்கும். அந்தக் கோடுகள் வாயில் வந்து முடிகிற இடம்தான் பல். அப்படியென்றால் வழவழப்பான பக்கத்திலிருந்து தகட்டைத் தேய்த்தால், தேயத் தேய அந்தக் கோடுகளே புதுப்பல்லாக வெளியே வரும். பனங்கருக்கு மாதிரி அறுக்கத் தொடங்கிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கருக்குப் பக்கம் கீழே இருக்கும்படி கட்டையில் இறுக்குங்கள். வழவழப்புப் பக்கத்தில் படகுக் கல்லை 15 முதல் 20 டிகிரியில், நுனியிலிருந்து அடிவரை நீளமாக நடத்துங்கள். கீழே பிசிறு தட்டுப்பட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். பிசிறு கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும், அதைக் கல்லால் எடுக்கக் கூடாது, தேங்காய் மட்டையாலோ பித்தளைப் பிரஷ்ஷாலோ கோடு போகிற திசையிலேயே தேய்த்தால் உதிர்ந்துவிடும். கருக்குப் பக்கத்தில் மறந்தும் கல் வைக்காதீர்கள், கோடு அழிந்தால் அது வெறும் அரிவாள்.

பல வருடத்துக்குப் பிறகு கோடே இல்லாத இடம்வரை தேய்ந்துவிட்டால் ஆசாரியிடம் கருக்கு வெட்டக் கொடுக்க வேண்டும். காய்ச்சி மெதுவாக ஆறவிட்டு, உளியால் வரிவரியாக வெட்டி, மறுபடி தோய்ச்சல் போட்டுத் தருவார். கடையில் அச்சில் வெட்டி வருகிற மெல்லிய ரம்பப் பல் அரிவாள் வேறு ரகம், அதில் பல் தகட்டைத் துளைத்து வெட்டப்பட்டிருக்கும். முக்கோண அரத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு தள்ளு கொடுக்கலாம், ஆனால் உண்மையைச் சொன்னால் ஒரு பருவம் அறுத்துவிட்டுப் புதிது வாங்குவதே லாபம். சோதனைக்கு ஒரு கைப்பிடி சோளத்தட்டைப் பிடித்து இழுங்கள். தூரோடு பிடுங்கிக்கொண்டு வராமல் சர்ரென்று அறுந்தால் போதும்.

அரிவாள்மனையும் துருவியும்

அரிவாள்மனையில் சௌகரியம் என்னவென்றால் அது ஏற்கெனவே கட்டையில் இறுகியிருக்கிறது. ஆபத்து என்னவென்றால் அதன் வாய் உட்காருகிறவரைப் பார்த்தே நிற்கிறது. காய் நறுக்க உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து தீட்டாதீர்கள். கட்டையை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு, நீங்கள் பின்பக்கம், முதுகின் பக்கமாக நில்லுங்கள். தகடு ஆடுகிறதா என்று முதலில் அசைத்துப் பார்த்து, ஆடினால் ஆப்பு அடித்து இறுக்கிய பிறகுதான் மற்றது.

வளைவு பெரும்பாலும் லேசானது என்பதால் கைக்கல்லே போதும், அரம் வேண்டாம். அடியிலிருந்து மேலே, இரண்டு பக்கமும் மாறி மாறி, கல்லுக்குப் பிறகு உப்புத்தாள், 400, பிறகு 800. கடைசியில் பெல்ட்டை ஒரு மரச்சட்டத்தில் ஆணியடித்து வைத்துக்கொண்டு அதனால் இழுத்துவிட்டால் தக்காளித் தோல் அழுத்தாமலே அறும்.

துருவியின் பல்லை வெளிப்பக்கம் தொடவே கூடாது. வெளியே அராவினால் பல் குட்டையாகி, தேங்காய் துருவாமல் நசுங்கும். இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் உருண்டை அரத்தை வைத்து, உள்ளிருந்து வெளியே மூன்று தள்ளு, எல்லாப் பள்ளத்துக்கும் ஒரே எண்ணிக்கை. துகளை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு முதல் கைப்பிடித் துருவலைக் கொட்டிவிடுங்கள். சட்னியில் இரும்பு வேண்டாம்.

மிச்சமுள்ளவை

தொரட்டியைக் கோலிலிருந்து அவிழ்த்துத் தரையில் வைத்துத் தீட்டுங்கள், கோலோடு சாத்தி வைத்துத் தீட்டுவது சோம்பேறித்தனம். வளைவு இறுக்கமாக இருப்பதால் குழாயும் உப்புத்தாளும்தான் சரி. முழுக்கக் கூராக்கவும் வேண்டாம், கிளை வந்து உட்காருகிற உள்வளைவு மட்டும் போதும். கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், வெள்வேலங்காய் உலுக்குகிறவர்களுக்கு அந்தக் கூர்கூடத் தேவையில்லை.

பாக்குவெட்டியில் மேல் தகடுதான் வெட்டும், கீழ்க் கை பாக்கைத் தாங்கும். முழுக்க விரித்து வைத்து, மேல் தகட்டின் சரிவுப் பக்கத்தை மட்டும் நைஸ் கல்லில் தீட்டுங்கள். ஆணியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். ஆட்டம் இருந்தால் ஆணித் தலையைச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டி இறுக்க வேண்டும், கூர் இருந்தும் வெட்டாத பாக்குவெட்டிக்கு நோய் அங்கேதான்.

ரொட்டிக் கத்திக்குக் கருக்கரிவாள் விதி தலைகீழ்: சரிவுள்ள பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் உருண்டை அரம் அல்லது மெல்லிய குச்சியில் சுற்றிய உப்புத்தாள், தட்டைப் பக்கத்தில் பிசிறுக்கு ஒரு தடவல்.

தீட்டிய எல்லாவற்றையும் காயத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். சமையற்கட்டுச் சாமானுக்குத் தேங்காயெண்ணெய், தோட்டத்துச் சாமானுக்குப் பழைய என்ஜின் ஆயில்கூடப் போதும். கொடுவாளைச் சாளையில் (தோட்டத்துக் குடிசையில்) செருகும்போது வாய்க்கு ஒரு பிளந்த பிவிசி குழாயை மாட்டிவிட்டால் ஈரமும் படாது, குழந்தை கையும் படாது.

அப்புறம், அரிவாள்மனை தீட்டிய அன்று வீட்டில் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மழுங்கிய வாய்க்குப் பழகிய கை அழுத்தித்தான் வரும். நான் சொல்லாமல் விட்டதால் ஆத்தா வழக்கம்போல் முருங்கைக்காயை அழுத்தி இழுத்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.